நானூற்றுப் பன்னிரண்டு பக்க வடம்

லிஃப்ட் மெக்கானிக் கொடுத்த அறிக்கை மொத்தம் மூன்று வரி. 'நான்கு வடத்தில் மூன்று நைந்துவிட்டது. அவசர பிரேக் பிடிக்கவில்லை. மாற்றும்வரை லிஃப்டை ஓட்டக் கூடாது.' கீழே கையெழுத்து, தேதி. இதில் மூன்றாவது வரியைக்கூட அவர் வெகுநேரம் தயங்கிவிட்டுத்தான் எழுதினார். முதல் இரண்டு வரியைப் படிக்கிறவனுக்கு மூன்றாவது தானாக விளங்காதா என்று அவருக்கு ஒரு நினைப்பு. விளங்கக் கூடாது என்பதற்காகவே ஏழு மாடி கட்டி, அறுநூறு பேருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

அது பொதுக் கட்டடங்களைப் பராமரிக்கிற தலைமை அலுவலகம். எந்த ஊரில் எந்தச் சர்க்கார் கட்டடத்தின் கூரை ஒழுகினாலும் அங்கிருந்துதான் உத்தரவு போக வேண்டும். ஊர்க் கூரையையெல்லாம் கவனிக்கிற மும்முரத்தில் சொந்தக் கூரையை அண்ணாந்து பார்க்க யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. மெக்கானிக்குக்கு அங்கே 'அரைவார்த்தை' என்று பட்டப்பெயர். காலையில் யாராவது வணக்கம் சொன்னால் தலையை ஆட்டுவார். மாலையில் சொன்னால் அதுவும் கிடையாது. காலையில் ஆட்டியதே அன்றைக்குப் போதும் என்று விட்டுவிடுவார். திமிர் பிடித்தவர் என்று பேசிக்கொண்டார்கள். திமிரெல்லாம் இல்லை. கிரீஸ் டப்பாவை எப்படிப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பாரோ, அப்படித்தான் வார்த்தையையும் செலவழிப்பார்.

திங்கட்கிழமை கொடுத்த அறிக்கை வியாழக்கிழமை திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையால் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது. லாக்கானிக். பச்சை மை ஏழாம் மாடியில் இருக்கும் தலைமை அதிகாரிக்கு மட்டுமே உரியது என்பதால் கீழே கையெழுத்துகூட இல்லை.

மெக்கானிக் அதைத் தலைமை எழுத்தரிடம் கொண்டுபோனார்.

"என்ன சார் இது?"

தலைமை எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மேலிடக் குறிப்பு."

"என்ன அர்த்தம்?"

பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. தலைமை எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "மேலிடக் குறிப்புக்கு அர்த்தம் கேக்கக் கூடாதுப்பா. கேட்டா ஐயா தெளிவா எழுதலன்னு ஆயிடும். நிவர்த்தி பண்ணிட்டு, 'குறிப்பு நிவர்த்தி செய்யப்பட்டது'ன்னு எழுதிக் குடுத்துடு. அவ்வளவுதான்."

"எதை நிவர்த்தி பண்ணணும்?"

"குறிப்பை."

"குறிப்புல என்ன இருக்கு?"

"நிவர்த்தி பண்ண வேண்டியது இருக்கு."

மெக்கானிக் அறிக்கையின் முதல் வரியில் விரலை வைத்தார். பிறகு சொன்னார்: "வடம் அறுந்துடும் சார்."

"அறுந்தா அதுக்குன்னு தனிப் படிவம் இருக்கு, கவலைப்படாதே. ஆனா அதை அறுந்த பிறகுதான் தர முடியும்."

வேறு யாராவதாக இருந்தால் எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவரால் முடியாது. காரணம், அந்த லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, காலை பத்திலிருந்து மாலை ஐந்தரை வரை மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தவன் அவர் மனைவியின் தம்பி. லிஃப்ட் ஆபரேட்டர். இவர் எவ்வளவு பேசமாட்டாரோ அவ்வளவும் சேர்த்து அவன் பேசுவான். இரண்டாம் மாடிக்குப் போகிறவரிடம் ஒரு கதையை ஆரம்பித்தான் என்றால் அவர் ஐந்தாம் மாடிவரை வந்து கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். தற்காலிக வேலை. ஒரு வருடம் ஒரு நாள்கூட விடாமல் வந்தால் நிரந்தரமாகும். அந்த ஒரு வருடத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் பாக்கி.

அன்று வீட்டில் மனைவிதான் கைபேசியில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தாள். "சொற்செட்டான. கொஞ்ச வார்த்தையில நிறையப் பொருள் சொல்ற. பேச்சுக்கும் எழுத்துக்கும் சொல்றதாம்," என்று படித்துவிட்டு அவரைப் பார்த்தாள். "உங்களைப் பாத்துட்டுத்தான் இந்த வார்த்தையையே உண்டாக்கியிருப்பாங்க போல. கல்யாணமாகி பதினாறு வருஷத்துல நீங்க பேசினதை பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால எழுதிடலாம்."

"அப்ப பாராட்டுதான் அத்தான்," என்றான் தம்பி. "ஏழாம் மாடியிலேர்ந்து பாராட்டு வர்றதெல்லாம் சாமானியமா? நான் நாளைக்கு எல்லா மாடியிலயும் சொல்லிடறேன். எங்க அத்தான் எழுத்தைப் பாத்து ஐயாவே அசந்துட்டாருன்னு."

"நாளைக்கு நீ போகாதே."

"ஆரம்பிச்சிட்டீங்களா. இருபத்திரண்டு நாள் அத்தான். நடுவுல ஒரு நாள் விட்டாலும் திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணணும். அந்த லிஃப்ட் முப்பது வருஷமா ஓடுது. என்னை ஏத்துக்கிட்டு இருபத்திரண்டு நாள் ஓடாதா? நீங்க எப்பவும் வடத்தையே பாக்குறீங்க, அதான் பயமா இருக்கு. நான் கண்ணாடியைத்தான் பாக்குறேன், எனக்கு ஒண்ணும் தெரியல."

அவன் கை கழுவப் போன பிறகு மனைவி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "என்னங்க, நிஜமா அறுந்துடுமா?"

"ம்."

அவள் கண் கலங்கிவிட்டது. பக்கம் பக்கமாக அவர் விளக்கியிருந்தால்கூட அவள் நம்பியிருக்க மாட்டாள். அந்த ஒரு 'ம்' என்ன சொல்லும் என்று பதினாறு வருடத்தில் அவளுக்குத் தெரியும். "அவன் எனக்குத் தம்பி இல்லைங்க, பிள்ளை. எப்படியாவது நிறுத்துங்க," என்றாள்.

மறுநாள் மெக்கானிக் அர்த்தத்தோடு போனார். தலைமை எழுத்தர் அதைக் காதில் வாங்கி, மென்று, திருப்பிக் கொடுத்தார்.

"இது வீட்டு அர்த்தம்ப்பா. ஆபீஸ் அர்த்தம் வேற. கைபேசியில வர்ற அர்த்தத்தையெல்லாம் கோப்புல ஏத்த ஆரம்பிச்சா அப்புறம் ஆபீசுன்னு ஒண்ணு எதுக்கு? சரி, ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசைதானே. முன்மாதிரி ஏதாவது இருக்கான்னு பாக்குறேன்."

முன்மாதிரி இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. அந்த ஒரு மாதத்தில் நாற்பத்தோரு தாள்களில் அதே பச்சை மை, அதே சொல். தோட்டக்காரரின் விடுப்புக் கடிதம் ஒன்று. 'காய்ச்சல், இரண்டு நாள் விடுப்பு வேண்டும்' என்று எழுதியதற்கு அந்தக் குறிப்பு. அவர் அதைப் பதினொரு பக்கமாக நீட்டினார். காய்ச்சலின் பூர்வோத்தரம், குடும்பத்தில் அதற்கு முன் காய்ச்சல் கண்டவர்கள், காய்ச்சலின்போது தோட்டத்தை நினைத்து வருந்தியது, எல்லாம் வந்தன. ஒப்புதல் கிடைத்தது. கிடைத்தபோது காய்ச்சல் போய் ஒன்பது நாளாகியிருந்தது. இன்னொன்று, சுகாதாரப் பிரிவின் எட்டுப் பக்கக் குறிப்பு. அதற்கும் லாக்கானிக். சுருக்கச் சொல்கிறார்கள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டு நான்கு பக்கமாக்கி, இரண்டாக்கி, ஒன்றாக்கி, கடைசியில் நல்லதாய்ப் போகட்டும் என்று வெள்ளைத்தாளை அனுப்பினார்கள். அதற்கும் ஒப்புதல் கிடைத்தது.

"ரெண்டு பக்கமும் முன்மாதிரி இருக்கு," என்றார் தலைமை எழுத்தர் திருப்தியாக. "அப்ப இது கொள்கை முடிவு. மூணாம் மாடி."

மூன்றாம் மாடியில் அறிக்கை நடைச் சீராய்வுப் பிரிவு இருந்தது. பிரிவுத் தலைவி ஓர் அம்மாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை, கீழாக ஒரு பார்வை என இரண்டு வகையாகப் பார்ப்பார். மெக்கானிக்கின் மூன்று வரியைக் கீழ்ப்பார்வையால் படித்தார்.

"முன்னுரை எங்கே?"

"இல்லம்மா."

"வடத்தோட வரலாறு?"

"தேஞ்சுடுச்சு. அதான் வரலாறு."

"இப்படித்தான் எல்லாரும் நினைக்கிறீங்க," என்று அந்த அம்மாள் பேனாவைத் திறந்தார். "பாருங்க, 'நைந்துவிட்டது'ன்னு எழுதியிருக்கீங்க. முப்பது வருஷம் சேவை செஞ்ச ஒண்ணைப் பத்தி எழுதற மொழியா இது? இதை ஏழாம் மாடிக்குப் போற தாள்ல எழுதலாமா? ஐயாவுக்கும் முப்பது வருஷ சர்வீஸ். அவர் மனசுல என்ன படும்? 'நெடிய அனுபவம் வாய்ந்த வடங்கள்'னு போடுங்க."

மெக்கானிக் போட்டார்.

"'பிரேக் பிடிக்கவில்லை.' ஏன் இப்படிக் குறை சொல்றீங்க? 'பிரேக் தனது நிலைப்பாட்டை இன்னும் தெரிவிக்கவில்லை.' அப்புறம் இந்தக் கடைசி வரி. 'ஓட்டக் கூடாது.' யாருக்கு உத்தரவு போடறீங்க? 'லிஃப்டின் இயக்கம் குறித்து மேலிடம் கனிவுடன் சிந்திக்கத் திருவுள்ளம் கொள்ளும்பட்சத்தில், கீழே பணிபுரிவோர் நன்றியுடையவர்களாக இருப்பார்கள்.' எப்படி இருக்கு?"

"அறுந்துடும்னு இதுல இல்லயேம்மா."

"அது இணைப்புல வரும். இணைப்பு ஏழு."

இப்படியாக வளர்ந்தது. முதல் வாரம் முடிகையில் அறிக்கை அறுபது பக்கம். வடம் என்ற கருவி மனித குலத்துக்குக் கிடைத்த விதம் ஓர் அத்தியாயம். இரும்பு எங்கிருந்து வருகிறது என்பது ஓர் அத்தியாயம். முந்தைய தலைமை அதிகாரிகள் எட்டுப் பேர் அதே லிஃப்டில் ஏறி இறங்கியதன் சிறப்புகள், படங்களுடன். மெக்கானிக் தினமும் காலையில் மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் போய், வடத்தில் அறுந்து சிலிர்த்து நின்ற கம்பி இழைகளை எண்ணிச் சுவரில் சாக்பீஸால் குறித்துவிட்டு, மூன்றாம் மாடிக்கு வந்து உட்காருவார். சுவரில் பத்து, பதினான்கு, பத்தொன்பது என்று ஏறியது. மூன்றாம் மாடியில் பக்கம் எண்பது, நூற்றிருபது, இருநூறு என்று ஏறியது. எது முதலில் முடியும் என்பதுதான் அவருக்கிருந்த கவலை.

பொறுக்கமுடியாமல் ஒரு நாள் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்.

லிஃப்ட் நின்றது. அரை மணி நேரம் அந்தக் கட்டடத்தில் மனிதர்கள் படியேறினார்கள். பத்து வருடமாக ஒருவரையொருவர் பார்த்திராத நான்காம் மாடிக்காரரும் ஐந்தாம் மாடிக்காரரும் படிக்கட்டில் சந்தித்து, நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா என்று விசாரித்துக்கொண்டார்கள். தலைமை அதிகாரி முட்டிவலிக்காரர். அவர் முதல் மாடித் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சுவிட்ச் திரும்ப ஏற்றப்பட்டது. மோட்டார் அறைக்குப் பூட்டுப் போட்டு, அறிக்கை ஒப்புதலாகும்வரை சாவியைத் தலைமை எழுத்தர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவாயிற்று. அனுமதியின்றி லிஃப்டை நிறுத்தியதற்காக மெக்கானிக்குக்கு ஒரு மெமோ வந்தது. வடத்துக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஏழாம் மாடிக்கு வந்து ஐயாவைப் பார்க்கும்படி மெமோவிலேயே எழுதியிருந்தது.

மெக்கானிக் படியேறிப் போனார்.

தலைமை அதிகாரி கோபமாக இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது புரிந்திருக்கும். அவர் அன்பாகப் பேசினார்.

"உக்காருய்யா. உனக்கு ஒண்ணு சொல்றேன். ஒரு ஆபீசுல வேலை கெட்டுப்போனா சமாளிச்சிடலாம். நடை கெட்டுப்போனா சமாளிக்க முடியாது. போன மாசம் ரெண்டு நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். அறிக்கை நடையை வர்ணிக்கறதுக்குன்னே பதினெட்டு இங்கிலீஷ் உரிச்சொல் சொல்லிக் குடுத்தாங்க. சான்றிதழும் குடுத்தாங்க, அதோ மாட்டியிருக்கு. திரும்பி வந்து பாத்தா பதினேழு மறந்துபோச்சு. இது ஒண்ணுதான் நின்னுது. நின்ன ஒண்ணையாவது உபயோகப்படுத்தணுமா இல்லையா?"

"என் அறிக்கையைப் படிச்சீங்களா சார்?"

"குறிப்பு எழுதறதா, படிக்கறதா? ரெண்டுக்கும் நேரம் எங்கய்யா இருக்கு?"

"அந்தச் சொல்லு பாராட்டா சார், குறையா?"

தலைமை அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மிகவும் நியாயமான முகத்தோடு சொன்னார்: "அதையும் நானே சொல்லிட்டா கீழே அறுநூறு பேருக்கு என்ன வேலை?"

மெக்கானிக் இறங்கி வந்தார். வழியில் அவருக்கு வேறொன்று தோன்றியது. விடாமல் வர வேண்டும் என்பதுதானே சட்டம். உடம்பு சரியில்லை என்று அனுமதியோடு விடுப்பெடுத்தால் அது விட்டதாகாது. அன்று வீட்டில் தம்பியை உட்கார வைத்து, மனைவி ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக நின்று, விடுப்புக் கடிதம் எழுதவைத்தார்கள். 'முதுகுவலி. பத்து நாள் ஓய்வு தேவை. மருத்துவச் சான்று இணைப்பு.' மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மை. அதே சொல். தம்பி அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"பாத்தீங்களா அத்தான், உங்க சகவாசத்துல எனக்கும் வந்துடுச்சு. நான் ஆறு பக்கம் எழுதியிருப்பேன். நீங்கதான் சுருக்கச் சொன்னீங்க."

அன்றிலிருந்து மெக்கானிக் வீட்டில் பேசத் தொடங்கினார். அவர் மனைவியே பயந்துபோகும் அளவுக்குப் பேசினார். எடை எவ்வளவு, வடம் எவ்வளவு தாங்கும், ஓர் இழை போனால் பக்கத்து இழை எப்படிப் பாரத்தை வாங்குகிறது, பிரேக் எங்கே சிக்கியிருக்கிறது என்று தினமும் ஒரு மணி நேரம். தம்பி 'ஆமாம் அத்தான், ஆமாம் அத்தான்' என்று கேட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் தலை வாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். எழுத்தில் நீட்டியதும் பலிக்கவில்லை, பேச்சில் நீட்டியதும் பலிக்கவில்லை.

மூன்றாவது வாரம் அந்தச் சொல்லைப் பற்றிய கருத்தரங்கம் நடந்தது. வெளியூரிலிருந்து மொழி ஆலோசகர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்கினார்: "லாக்கானிக் என்றால் சுருக்கம். ஆனால் சுருக்கம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது." பிறகு மூன்று மணி நேரம் சொன்னார். நடுவே ஒரு பழைய கதையும் வந்தது. லாக்கோனியா என்று ஒரு நாடு. அங்கத்து மனிதர்கள் பேசிய விதத்திலிருந்துதான் இந்தச் சொல்லே பிறந்ததாம். வேறொரு ராஜா அவர்களுக்கு ஓலை அனுப்பினானாம். 'நான் உங்கள் நாட்டுக்குள் நுழைந்தால் ஊரையே தரைமட்டமாக்கிவிடுவேன்.' அவர்கள் ஒரே ஒரு சொல்லைப் பதிலாக அனுப்பினார்களாம்: 'நுழைந்தால்.'

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மூன்று வாரத்தில் அந்தக் கட்டடத்தில் அவர் கேட்ட முதல் ஒழுங்கான அறிக்கை அது. மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நடைப் பிரிவு அம்மாள் எழுந்தார். "அந்தப் பதில்ல கடித எண் போட்டிருந்தாங்களா?"

"நகல் எத்தனை எடுத்தாங்க?" என்றார் தலைமை எழுத்தர்.

ஆலோசகர் இரண்டையும் ஆராய்ந்து சொல்வதாகக் குறித்துக்கொண்டு, முடிவுரைக்கு வந்தார். "ஆகவே இந்தச் சொல்லைப் பயன்படுத்துகையில் யாரைக் குறித்துச் சொல்கிறோம் என்பதே முக்கியம். மேலதிகாரி நான்கு சொல்லில் எழுதினால் அது லாக்கானிக். அதே நான்கு சொல்லைக் கீழே இருப்பவர் எழுதினால் அது மரியாதைக் குறைவு." கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. இதை அமல்படுத்த ஒன்பது பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. குழுவின் முதல் வேலையாக லிஃப்ட் அறிக்கையை எடுத்துக்கொள்வது என்றும் முடிவாயிற்று.

அறிக்கை அதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் நிறைவு பெற்றிருந்தது. குழுவுக்கு ஒன்பது பிரதி, மேலிடத்துக்கு ஒன்று, அலுவலக நகல் இரண்டு, முன்வரைவுகள், முன்வரைவுகளின் மீதான குறிப்புகள், ஏழு இணைப்புகள். இவ்வளவையும் வைக்க ஓர் இரும்பு பீரோ ஒதுக்கினார்கள். அந்த பீரோ ஏழாம் மாடிக்குப் போக வேண்டும். மேலிடக் கோப்பு எதுவானாலும் படியேறிப் போகக் கூடாது, லிஃப்டில்தான் போக வேண்டும், கூடவே ஆபரேட்டர் போய்ப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் பழைய விதி. கோப்பு நடந்து போவது மேலிடத்துக்கு அவமதிப்பு. தம்பிக்கு அது முந்நூற்று அறுபத்து நான்காவது நாள்.

அன்று காலை மெக்கானிக் மொட்டை மாடியில், பூட்டிய மோட்டார் அறையின் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே பார்த்தார். மூன்று வடம் இழையிழையாகப் பிரிந்து தொங்கியது. நான்காவதும் பிரியத் தொடங்கியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஓர் இழை விண்ணென்று தெறித்துச் சுவரில் மோதியது. அவர் இறங்கி ஓடினார். ஏழு மாடியையும் படியில்தான் ஓடினார்.

கீழே எட்டுப் பேர் பீரோவை லிஃப்டுக்குள் தள்ளி முடித்திருந்தார்கள். குழு உறுப்பினர்கள் ஒன்பது பேருக்கும் உள்ளே இடமில்லாததால், படியேற வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். பீரோவுக்கும் சுவருக்கும் இடையே, முக்காலியைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பி ஒண்டி நின்றான். மேலேயிருந்து மணி விடாமல் அடித்தது. ஐயா காத்திருக்கிறார்.

மெக்கானிக்குக்கு மூச்சு வாங்கியது. வாயைத் திறந்தபோது மூன்று வாரமாக எழுதியதெல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. நெடிய அனுபவம் வாய்ந்த வடங்கள், நிலைப்பாட்டைத் தெரிவிக்காத பிரேக், கனிவுடன் சிந்திக்கத் திருவுள்ளம். ஒன்றும் வெளியே வரவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. இரும்புக் கதவின் கம்பிகளுக்கிடையே தம்பியின் முகம் தெரிந்தது. அவன் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தான்.

"எறங்கு," என்றார் மெக்கானிக்.

தம்பி அவர் முகத்தைப் பார்த்தான். முக்காலியைக் கீழே போட்டான். பீரோவை உரசிக்கொண்டு, சட்டைப் பித்தான் இரண்டு தெறிக்க, வெளியே வந்து நின்றான்.

"ஏய், பதிவேட்டுல யார் கையெழுத்துப் போடறது?" என்றார் தலைமை எழுத்தர். மணி இன்னும் அடித்தது. அவசரக் கோப்பு தாமதமானால் தன் தலை உருளும் என்று தலைமை எழுத்தர் கையை உள்ளே விட்டு ஏழாம் எண்ணை அழுத்திவிட்டு, கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.

கதவுக்கு மேலே ஒரு பித்தளை முள் உண்டு. லிஃப்ட் எந்த மாடியில் இருக்கிறது என்று காட்டும். எல்லாரும் அதையே அண்ணாந்து பார்த்தார்கள். முள் ஒன்றுக்கு வந்தது, இரண்டுக்கு வந்தது, மூன்றில் சற்று யோசித்தது, நான்கு, ஐந்து. ஐந்தில் நின்றது. பிறகு திரும்பிவந்தது. அந்த லிஃப்ட் இவ்வளவு விரைவாக வந்து அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

சத்தம் அடங்கிய பிறகு கதவிடுக்குகள் வழியாகத் தூசியும் தாளும் வந்தன. தாள்கள் வெகுநேரம் மிதந்து மிதந்து இறங்கின. ஒன்று மெக்கானிக்கின் காலடியில் விழுந்தது. இணைப்பு ஏழு. தம்பி அதைக் குனிந்து எடுக்கப் போனான். மெக்கானிக் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். அன்று முழுக்கத் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை.

விசாரணை நடந்தது. பணியிடமாகிய லிஃப்ட் தரையிலிருந்து கிளம்பி ஐந்தாம் மாடி போய்த் திரும்பிய ஐம்பத்தைந்து விநாடி நேரம் ஆபரேட்டர் பணியிடத்தில் இல்லாதிருந்தது ஏன் என்று தம்பிக்கு மெமோ வந்தது. தொடர்ச்சி முறிந்ததா இல்லையா என்பது பரிசீலனையில் இருக்கிறது. அதுவரை அவன் தினமும் வந்து, காலியான லிஃப்ட் குழிக்கு முன்னால் புது முக்காலி போட்டு உட்கார வேண்டும். லிஃப்ட் இல்லாததால் தலைமை அதிகாரி ஏழாம் மாடியைவிட்டு இறங்கவில்லை. இறங்கினால் ஏற முடியாது, ஏறாவிட்டால் பதவி இல்லை. சாப்பாடு மேலே போகிறது. குறிப்புகளை ஜன்னல் வழியாகக் கீழே போடுகிறார். யாரும் பெரிய கோப்புகளைச் சுமந்து ஏறத் தயாராக இல்லாததால் அலுவலகம் முழுவதும் குறிப்புகள் நாலைந்து வரியாகச் சுருங்கிவிட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மெக்கானிக்குக்கு வந்த மெமோ மூன்று பக்கம். 'லிஃப்டின் நிலை குறித்துத் தாங்கள் உரிய காலத்தில், உரிய சொற்களில், உரியவர்களிடம் தெரிவிக்கத் தவறியது ஏன்' என்பது அதன் சாரம். அவர் அதன் அடியிலேயே எழுதினார்: 'சொன்னேன்.'

நான்கு நாளில் அது திரும்பி வந்தது. மெமோவை ஜன்னல் வழியாகப் போடக் கூடாது என்பதால் தலைமை எழுத்தரே மேலே போய் வாங்கிக்கொண்டு, கைப்பிடியைப் பற்றிப் பற்றி ஏழு மாடி இறங்கி வந்தார். ஓரத்தில் பச்சை மை. அதே சொல்.

"நிவர்த்தி," என்றார் தலைமை எழுத்தர். அதற்கு மேல் பேச அவருக்கு மூச்சில்லை.

மெக்கானிக் தாளைச் சுவரில் வைத்துக்கொண்டார். லிஃப்ட் குழிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மைத்துனன் யாரோ ஒருவரிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் கொஞ்சம் பேச ஆரம்பித்திருந்தான். மெக்கானிக் அவனை ஒரு கணம் பார்த்தார். பேனாவைத் திறந்து, 'சொன்னேன்' என்பதற்குப் பக்கத்தில் மேலும் இரண்டு சொல் சேர்த்தார்.

'ஒருவன் இறங்கினான்.'

கீழே 'குறிப்பு நிவர்த்தி செய்யப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டு, தலைமை எழுத்தரிடம் கொடுத்தார். அவர் அதைப் படித்துவிட்டு ஏழு மாடிப் படிகளையும் அண்ணாந்து பார்த்தார். மெக்கானிக் கை கழுவிக்கொண்டு மைத்துனனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.